அடி விழுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்

வாசகர் கேள்வி:

செம்பூர் பக்கம் அறுபது படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனை ஒன்றில் நான்கு ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பத்து நாட்களுக்கு முன் இரவுப் பணியில், மூச்சுத்திணறலோடு பதினொரு மணிக்குச் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரின் மகன், அதிகாலை 2.40 மணி அளவில் என் கையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்துவிட்டார். டியூட்டி டாக்டர் பன்னிரண்டரை மணிக்கே ஐசியூவில் இன்னொரு நோயாளியைப் பார்க்க மாடிக்குப் போயிருந்தார். 'டாக்டர் எங்கே' என்று அவர் மூன்று முறை கேட்டார். 'ஆயேகா, ருக்கோ' (வருவார், பொறு) என்று இந்தியில் மூன்று முறையும் சொன்னேன். வார்டில் பதினான்கு நோயாளிகளுக்கு நானும் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும் மட்டுமே இருந்தோம். உறவினர் ஆறு பேர் மேலே இருந்தார்கள். காவலாளி கீழே வாசலில் இருந்தார். ஒன்றரை மணிக்குக் கவுன்டரில் அவர்களிடம் ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் நிர்வாகி, 'மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள், பெரிதாக்க வேண்டாம்' என்றார். மூத்த சிஸ்டர்கள், 'இந்த வேலையில் இதெல்லாம் சகஜம்' என்கிறார்கள். நான் எப்படிப் பேசியிருந்தால் இது நடந்திருக்காது? இனியும் புகார் கொடுக்க முடியுமா? என் பொறுப்பில் ஐந்து இளைய செவிலியர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? திருநெல்வேலியில் இருக்கும் அம்மா வேலையை விட்டுவிட்டு வரச் சொல்கிறார், போய்விடலாமா?

பெயர் வேண்டாம், சயான் கோலிவாடா, மும்பை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நான்கு கேள்விகளில் முதல் கேள்விதான் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. மும்பையில் செவிலியராகவும், வார்டு பொறுப்பாளராகவும், கடைசியில் மேட்ரனாகவும் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியதில், அடி வாங்கிய பெண்கள் அநேகமாக எல்லோரும் முதலில் இதையே கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அடித்தவர் எவரும் தம்மைத் தாமே இப்படிக் கேட்டுக்கொண்டதாக நான் அறியவில்லை. ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: உங்களை அறைந்தது அவர் செய்த குற்றம், நீங்கள் சொன்ன சொல்லுக்கு அது விலை ஆகாது. அந்த இரவை நாம் இப்போது திரும்பிப் பார்க்கப்போவது உங்கள் மீது பிழை காண்பதற்காக இல்லை. அந்த அறை 2.40 மணிக்கு வானத்திலிருந்து விழவில்லை, பன்னிரண்டரை மணியிலிருந்து சிறிது சிறிதாகக் கூடி வந்தது, கூடி வந்ததை வழியில் எங்கெங்கே நிறுத்தியிருக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான்.

அதற்கு முன் நான் செய்த ஒரு தவற்றை உங்களிடம் சொல்ல வேண்டும். வார்டு பொறுப்பாளராக இருந்த காலத்தில், என்னிடம் வேலை பார்த்த ஓர் இளம்பெண் மீது நோயாளியின் உறவினர் ஒருவர் மருந்துத் தட்டை வீசியெறிந்தார். நெற்றியில் காயம். நான் காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து, 'விட்டுவிடு, அவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள்' என்று சொல்லி அனுப்பினேன். காகிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே வார்டில், அதே கட்டிலுக்கு அருகில், வேறொரு பெண்ணின் கை முறிந்தது. முதல் சம்பவம் பதிவாகியிருந்தால், மாலை ஏழு மணிக்குமேல் அந்த மூலையில் ஆள் இல்லை, விளக்கு இல்லை, கூப்பிட்டால் கேட்காது என்பதை யாராவது கவனித்திருப்பார்கள். நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டது இரண்டாவது பெண்ணின் எலும்பில் போய் முடிந்தது. உங்கள் மூத்த சிஸ்டர்கள் சொல்லும் 'சகஜம்' என்ற சொல்லை இன்றைக்கும் என்னால் அமைதியாகக் கேட்க முடியாததற்கு இதுதான் காரணம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தாங்கள் அடி வாங்கியபோது யாரும் துணைக்கு வராததால், தாங்கிக்கொள்வதையே தொழிலின் ஒரு பகுதியாக ஆக்கிக்கொண்டவர்கள். சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 விழுக்காட்டினர் தம் பணிக்காலத்தில் ஒரு முறையேனும் உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வசவும் மிரட்டலும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அடிக்கடி நடக்கிறது என்பதனால் ஒன்று சரியாகிவிடாது.

இப்போது அந்த இரண்டு மணி நேரத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்திலிருந்தே எடுத்துச் சொல்கிறேன். பன்னிரண்டரைக்கு டாக்டர் மாடிக்குப் போனார். அவர் எங்கே போனார், எப்போது திரும்புவார் என்பதை அந்தக் குடும்பத்திடம் யாரும் சொல்லவில்லை. ஒரு மணிக்கு முதியவரின் மூச்சு அப்படியே இருக்கிறது. ஆறு பேர் கட்டிலைச் சுற்றி நின்று ஒருவர் பயத்தை இன்னொருவர் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றரைக்குக் கீழே பணம் கேட்கிறார்கள். டாக்டரைக் காணோம், பணம் மட்டும் கேட்கிறார்கள் என்ற எண்ணம் அந்த நிமிடத்தில்தான் அவர்கள் மனத்தில் முளைத்திருக்க வேண்டும். அந்தச் செய்தி உங்களுக்குத் தெரியாது. அதன் பிறகு அவர் கேட்ட 'டாக்டர் எங்கே' என்ற கேள்வி, பன்னிரண்டே முக்காலுக்குக் கேட்ட அதே கேள்வி இல்லை. மருத்துவமனையின் மீது வந்த கோபம் முழுவதும், அதன் பிரதிநிதியாகக் கண்ணுக்குத் தெரிந்த ஒரே ஆளின் மீது, வெள்ளைச் சீருடையில் நின்ற உங்கள் மீது, இறங்கியது. டாக்டரின் தாமதம், கவுன்டரின் அவசரம், காவலாளி இல்லாத மாடி ஆகிய மூன்றுக்கும் நீங்கள் பொறுப்பில்லை. மூன்றுக்கும் அடி உங்களுக்கு விழுந்தது.

பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் செய்யக்கூடியது நிச்சயம் உண்டு. காத்திருப்பவருக்குத் தாமதத்தைக் காட்டிலும், ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் பெரிய வேதனை. 'வருவார்' என்பதில் நேரம் இல்லை, காரணம் இல்லை, மாற்று ஏற்பாடு இல்லை. 'டாக்டர் மேலே ஐசியூவில் உயிருக்குப் போராடும் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பாவுக்கு ஆக்சிஜன் அளவு 92 இருக்கிறது, நான் போனில் அவரிடம் சொல்லிவிட்டேன், அவர் சொன்னபடி நெபுலைசர் வைக்கிறேன். பத்து நிமிடத்தில் நானே வந்து மறுபடி சொல்கிறேன்' என்று சொல்வதில் நான்கு செய்திகள் இருக்கின்றன. சொன்ன பத்தாவது நிமிடத்தில், புதிதாகச் சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும், போய் நிற்க வேண்டும் என்பதுதான் இதில் கடினமான பகுதி. ஏனென்றால் அந்த நிமிடத்தில் இன்னொரு கட்டிலில் சலைன் தீர்ந்திருக்கும். அதனால்தான் குடும்பத்தில் ஒருவரை, பதற்றம் குறைந்த ஒருவரைத் தேர்ந்து, 'எல்லாவற்றையும் உங்களிடம்தான் சொல்வேன், நீங்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்' என்று முதல் அரைமணியிலேயே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அவருக்கும் அது ஒரு வேலையாக அமையும். கையில் வேலை உள்ளவரின் பயம் சற்றே அடங்கும்.

மொழியைப் பற்றியும் ஒன்று. நம் தமிழ்ப் பெண்கள் இந்த ஊரின் இந்தியைத் தெருவிலும் லோக்கல் ரயிலிலும் கற்றுக்கொள்கிறோம். தாராவியிலும் கோலிவாடாவிலும் 'ருக்கோ' என்பது சாதாரணச் சொல். எவருக்கும் மனம் புண்படாது. ஆனால் தந்தையின் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போது, அதுவும் வெளியூரிலிருந்து வந்த இந்தி பேசுபவரின் காதில், அந்தச் சொல் 'நில்லு' என்று விழும். தமிழில் நாம் 'இருங்க' என்று சொல்லும்போது கூடவே வரும் மரியாதை, 'ருக்கியே' என்ற சொல்லிலும் 'ஆப்' என்ற விளிப்பிலும்தான் இருக்கிறது. மராத்தி பேசுபவரிடம் 'பாபா, தோடா தாம்பா' (ஐயா, கொஞ்சம் பொறுங்கள்) என்று அவர் மொழியில் நான்கு சொல் பேசிவிட்டால் பாதி இறுக்கம் தளர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இதை அடிக்கு நியாயமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஐந்து பெண்களுக்கும் ஒரு மாலை நேரத்தில் சொல்லித்தரத்தக்க, செலவில்லாத பாதுகாப்பு இது என்பதால் சொல்கிறேன்.

ஆனால் பேச்சுக்கு எல்லை உண்டு. எதிரில் நிற்பவர் குரல் ஏற்றி, முஷ்டி இறுக்கி, நெருங்கி வந்துவிட்ட பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது ஆபத்து. ஆஸ்திரேலியாவில் அவசரச் சிகிச்சைப் பிரிவுச் செவிலியரை உடனிருந்து கவனித்து 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தாக்குதலுக்கு முன் தெரியும் அடையாளங்களாக ஐந்தைக் குறிப்பிட்டது: வெறித்துப் பார்ப்பது, குரல் ஏறுவது அல்லது குத்தலாக மாறுவது, பதற்றம், வாய்க்குள் முணுமுணுப்பது, ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் நடப்பது. நார்வேயின் மனநலப் பிரிவுகளில் உருவான புரோசெட் பட்டியல் நோயாளியிடம் ஆறைப் பார்க்கச் சொல்கிறது: குழப்பம், எரிச்சல், அடங்காத கூச்சல், வாய்மொழி மிரட்டல், உடலால் மிரட்டல், பொருட்களைத் தாக்குதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் இட்டு, இரண்டைத் தாண்டினால் அடுத்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வன்முறைக்கு வாய்ப்பு அதிகம் என்று கொண்டு, கூடுதல் ஆளை ஏற்பாடு செய்யச் சொல்கிறார்கள். ஒரு நிமிடத்தில் முடியும் வேலை. ஷிஃப்ட் மாறும்போது, 'ஏழாம் கட்டில் சர்க்கரை 240' என்று சொல்வது போலவே, 'ஏழாம் கட்டில் மகன் ஒன்பது மணியிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறார், முணுமுணுக்கிறார்' என்றும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இங்கே உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஹேண்ட்ஓவரில் 'தாராவிக் கூட்டம் வந்திருக்கிறது, ஜாக்கிரதை' என்று பிற செவிலியர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம் தெருவின் பெயரே எச்சரிக்கைப் பலகை ஆவது எப்படி வலிக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே தவற்றை நாம் வேறோர் ஊர்க்காரர் மீதோ மதத்தார் மீதோ செய்யக் கூடாது. அது அநீதி என்பதோடு, பயனும் அற்றது. முகவரியைப் பார்த்துப் பயப்படுபவர், நல்ல சட்டை போட்டு ஆங்கிலம் பேசும் மனிதர் முஷ்டி இறுக்குவதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

நோயாளியே தாக்கும் நேரங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அங்கே கோபம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் நோயின் குறியாக இருக்கும். சர்க்கரை இறங்கியவர், ஆக்சிஜன் குறைந்தவர், தலையில் அடிபட்டவர், சிறுநீர் அடைத்துக்கொண்டு வயிறு கல்லாகக் கிடக்கும் முதியவர், சோடியம் குறைந்தவர் ஆகிய எல்லோரும் கை வீசுவார்கள். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் நடுங்கி, இல்லாததைக் கண்டு, சலைன் ஸ்டாண்டைத் தூக்குவார். சேர்க்கும்போதே 'கடைசியாக எப்போது குடித்தார்' என்று கூச்சமில்லாமல் கேட்டு எழுதிவைத்தால், அந்த இரவு எது என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். இப்படிப்பட்டவர் மீது வழக்கு எதுவும் வேண்டியதில்லை. குளூக்கோமீட்டரும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் மருத்துவரும் வேண்டும். அருகில் இரண்டாவது ஆள் வேண்டும். ஆனால் அந்தச் சம்பவமும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

அடுத்தது இடம். 1973 நவம்பர் 27 அன்று பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையின் அடித்தளத்தில், பணி முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்த செவிலியர் அருணா ஷான்பாக்கை அங்கே வேலை பார்த்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துத் தாக்கினார். மறுநாள் காலையில்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். நினைவு திரும்பாமலேயே ஏறக்குறைய நாற்பத்திரண்டு ஆண்டுகள் அதே மருத்துவமனையில் கிடந்து, 2015 மே 18 அன்று இறந்தார். தலைமுறை தலைமுறையாகச் செவிலியர் அவரைப் படுக்கைப்புண் இல்லாமல் பார்த்துக்கொண்டதை உலகமே பாராட்டியது. 2011-இல் அவர் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் பாராட்டியது. கருணைக்கொலை பற்றிய வழக்காகவே நாடு அவரை நினைவில் வைத்திருக்கிறது. இந்த ஊரின் செவிலியருக்கு அவர் வேறொன்றையும் சொல்லிப் போனார்: ஒரு பெண் பணியிடத்தில் தனியாக, வெளியே கேட்காத அறையில், உடை மாற்ற வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டபோதும், நீண்ட பணிக்கு நடுவே ஓய்வெடுக்க அவர் போனது ஒரு கருத்தரங்கு அறைக்குத்தான். ஐம்பத்தோரு ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டிலும் உடைமாற்றும் அறையும் ஓய்வறையும் எங்கே, எப்படி இருந்தன என்பது கேள்வியாகிறது. ஆபத்து எப்போதும் வெளியிலிருந்து வருவதில்லை என்பதையும் இரண்டும் காட்டுகின்றன.

ஆகவே உங்கள் தளத்தை ஒருநாள் பகலில், ஒரு காவலர் பார்ப்பது போல நடந்து பாருங்கள். நர்சிங் ஸ்டேஷனுக்கு ஒரே வாசல்தானா? அந்த வாசலில் ஒருவர் வந்து நின்றால் உங்களால் வெளியேற முடியுமா? மருந்து அறையை உள்ளிருந்து தாழிட முடியுமா? டியூட்டி அறையின் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா? லிஃப்ட் அருகில் விளக்கு எரிகிறதா? கோபமாக இருப்பவரிடம் பேசும்போது கதவு உங்கள் பக்கம் இருக்கட்டும். நேருக்கு நேராக நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், இரண்டு கை தூரத்தில் நில்லுங்கள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைத் தொங்கவிட்டபடி, பையில் கத்தரி வெளியே தெரியப் போக வேண்டாம். அடையாள அட்டையின் கயிறு இழுத்தால் அறுந்து வரும் வகையாக இருக்கட்டும். கட்டிலருகே சண்டை வரும் போலிருந்தால், 'ஃபைலை எடுத்து வருகிறேன்' என்று சொல்லி அந்த இடத்தைவிட்டு அகல்வது கோழைத்தனம் ஆகாது. திரும்பி வரும்போது தனியாக வராமல் இருந்தால் போதும்.

ஆள் பலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்கள் கையில் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் போதனை மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர். பதினான்கு பேருக்கு இரண்டு பேர், அதிலும் ஒருவர் புதியவர் என்பது அந்த அளவுக்கு வெகு கீழே. இரவில் பாஸ் இல்லாமல் ஆறு பேரை மேலே அனுமதித்தவர்தான் காவலாளி என்றால், அவர் காவல் காப்பது வாசலை மட்டும்தான். ஒரு நோயாளிக்கு ஓர் உறவினர் என்ற விதியை மனிதாபிமானம் இல்லாததாகப் பலர் நினைக்கிறார்கள். கீழே உட்கார இடமும், அரைமணிக்கொரு முறை செய்தி சொல்ல ஓர் ஆளும் இருந்தால், அந்த விதி யாருக்கும் கொடுமையாகத் தோன்றாது. உதவிக்கு அழைக்க ஒரே வழி இருக்க வேண்டும்: ஒரு பொத்தான், அல்லது ஒலிபெருக்கியில் ஒரு நிறத்தின் பெயர். வயலட் என்றோ கிரே என்றோ மருத்துவமனைக்கு மருத்துவமனை அது மாறும். பெயர் எதுவானாலும், அதைக் கேட்டதும் காவலாளி, வார்டு உதவியாளர்களான மாமா, மாவ்ஷி, டியூட்டி டாக்டர் ஆகிய நால்வரும் ஓடி வந்து உங்களுக்கு அருகில் நிற்பதை மாதம் ஒருமுறை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். நான்கு பேர் அமைதியாக வந்து நின்றாலே உயர்ந்த கை இறங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மரணச் செய்தியும் பணமும் சந்திக்கும் நிமிடத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் மிக மோசமான தாக்குதல்கள் அங்கேதான் நடக்கின்றன. இறப்பைச் சொல்வது மருத்துவரின் கடமை. அதை இளைய செவிலியர் தலையில் கட்டக் கூடாது. நடைபாதையில் சொல்லாமல், இரண்டு வாசல் உள்ள ஓர் அறையில், உட்கார வைத்து, 'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே பயன்படுத்திச் சொல்ல வேண்டும். பில் கொண்டுவருபவர் அந்த அறைக்குள் அப்போது நுழையக் கூடாது. பாக்கிப் பணத்துக்காக உடலைக் கொடுக்காமல் நிறுத்திவைப்பது, தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்துக்கு எதிரானது. நிர்வாகம் அப்படிச் செய்யும்போது குடும்பத்துக்கு அநீதி இழைக்கிறது; அந்த அநீதியின் முன்னால் கேடயமாக உங்களை நிறுத்துகிறது. நோயாளியின் உரிமையும் செவிலியரின் பாதுகாப்பும் எதிரெதிர்த் தட்டில் இருப்பதாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

இப்போது புகார். முடியும். பத்து நாள் தாமதம் புகாரைச் செல்லாததாக்காது; தாமதத்துக்கான காரணத்தை, அதாவது நிர்வாகம் தடுத்ததை, புகாரிலேயே எழுதிவிடுங்கள். மகாராஷ்டிரத்தில் மருத்துவச் சேவையாளர்கள் மீதான வன்முறையையும் சொத்துச் சேதத்தையும் தடுப்பதற்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியரையும் நர்சிங் மாணவியரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அரசு மருத்துவமனைக்கு மட்டுமன்றி உங்களுடையது போன்ற தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும். மூன்று ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் அது. பல காவல் நிலையங்களில் இந்தச் சட்டத்தை நினைவூட்டினால்தான் எழுதுவார்கள் என்பதால், சட்டத்தின் ஆண்டைப் புகாரில் குறிப்பிடுங்கள். கையைப் பிடித்து இழுத்தது பெண்ணுக்கு எதிரான குற்றப் பிரிவுகளுக்குள் வருமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பதிவான எஃப்ஐஆரின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பொறுப்பு அதிகாரி பதிய மறுத்தால், அதே தகவலை எழுத்தில் உயர் அதிகாரிக்குத் தபாலில் அனுப்ப அந்தப் பிரிவே வழி சொல்கிறது.

உண்மையில் இந்தப் புகாரைக் கொடுக்க வேண்டியது உங்கள் நிர்வாகம். 2024 ஆகஸ்ட் 16 அன்று ஒன்றிய அரசின் சுகாதாரப் பணிகள் இயக்குநரகம், பணியில் இருக்கும் சுகாதாரப் பணியாளர் தாக்கப்பட்டால் ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் பெயரிலேயே எஃப்ஐஆர் பதியச் செய்வது நிறுவனத் தலைவரின் பொறுப்பு என்று ஒன்றிய அரசு மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது. உங்கள் மருத்துவமனையை அந்த உத்தரவு நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் நிறுவனமே முன்னின்று புகார் கொடுப்பதுதான் முறை என்று நாட்டின் சுகாதார நிர்வாகமே ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று. உங்கள் கடிதத்தில் அதைச் சுட்டிக்காட்டலாம். தாக்குபவர் உடன் வேலை செய்பவராக இருந்து, அது பாலியல் தொல்லையாகவும் இருந்தால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில், புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நோயாளியோ உறவினரோ அப்படிச் செய்தாலும் நிர்வாகத்துக்குப் பொறுப்பு உண்டு. உங்கள் ஐந்து பெண்களுக்கும் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கட்டும்.

நிர்வாகத்துக்கு எழுதும் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. தேதி, நேரம், இடம், அப்போது இருந்தவர் பெயர், நோயாளிகளின் எண்ணிக்கை, பணியில் இருந்தவர் எண்ணிக்கை, காவலாளி இருந்த இடம், அவர் சொன்ன சொற்கள், செய்த செயல், உங்களுக்கு ஏற்பட்ட காயம். இவ்வளவுதான். பெயரடைகள் வேண்டாம். மருத்துவரிடம் காயத்தைக் காட்டிப் பதிவு செய்திருந்தால் அதையும், செய்யவில்லை என்றால் கன்னம் வீங்கியிருந்த அன்று எடுத்த புகைப்படம் இருந்தால் அதையும் சேருங்கள். பிறகு, இது மீண்டும் நடக்காமல் இருக்க இரண்டே இரண்டு கோரிக்கைகள்: இரவில் காவலாளி ஒருவர் வார்டுத் தளத்தில் இருக்க வேண்டும், டியூட்டி டாக்டர் தளத்தை விட்டுப் போகும்போது நோயாளியின் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பத்துக் கோரிக்கை வைத்தால் பத்தையும் பரிசீலிப்பதாகச் சொல்லி மடித்து வைத்துவிடுவார்கள். இரண்டு வைத்தால், ஒன்றையாவது செய்ய வேண்டிய நெருக்கடி வரும். உங்களோடு அன்று இருந்த இளைய பெண்ணும் தனியாக ஒரு கடிதம் எழுதட்டும். அவர் கண்டது அவருடைய சாட்சியம்.

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மகளை இரவுப் பணிக்கு அனுப்பிவிட்டுத் திருநெல்வேலியில் தூங்காமல் கிடக்கும் தாயிடம் 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டினால் ஒருவேளை நம்புவார். வேலையை விடலாமா என்பதற்கு என் கருத்து இது. கடிதம் கொடுத்து ஒரு மாதம் பாருங்கள். எழுத்தில் பதிலும் இரண்டில் ஒரு மாற்றமும் வந்தால் இருங்கள். பதிலே வராவிட்டால், அல்லது கடிதம் கொடுத்ததற்காக உங்களை ஒதுக்கினால், வேறு மருத்துவமனையைத் தேடுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை, நான்கு ஆண்டு அனுபவம் உங்களோடு வரும். கடிதம் எதுவும் கொடுக்காமல் போய்விடுவதை மட்டும் நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் அந்த இரவு நடக்கவே இல்லை என்பது போலப் பதிவேடு இருக்கும். உங்கள் இடத்துக்கு வரும் பெண்ணுக்கு யாரும் எச்சரிக்கை சொல்லமாட்டார்கள். இதற்கிடையில், குரல் உயரும்போதெல்லாம் நெஞ்சு படபடப்பது, தூக்கம் கெடுவது, அந்தக் கட்டிலைக் கடக்கத் தயங்குவது ஆகியவை இருந்தால் அதை மனவுறுதிக் குறைவாக எண்ண வேண்டாம். அடிபட்ட உடம்பு நினைவு வைத்துக்கொள்ளும். டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

நாளை பணிக்குப் போகும்போது கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். சிசிடிவி கருவிகளில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ஏற்கெனவே பத்து நாள் போய்விட்டது. ஆகவே முதல் பத்தியிலேயே, அன்றிரவு பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரையிலான வார்டு, லிஃப்ட், கவுன்டர் ஆகிய மூன்று இடங்களின் பதிவையும் அழியாமல் பாதுகாத்துவைக்குமாறு கேளுங்கள். ஒரு பிரதியைக் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்ட பிறகு வார்டுக்குப் போங்கள்.